திரையைக் கோத்த ஊக்கு

இந்த ஊக்கை ஆன்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போன மாதம் பந்திங்குக்குக் காரை எடுத்தேன். கொடுக்க முடியவில்லை. இதோ, எழுதும் மேசைமேல் கிடக்கிறது. பெரிய அளவு ஊக்கு. தலைப்பக்கம் கொஞ்சம் துருவேறியிருக்கிறது, முனை மட்டும் இன்னும் கூர்மை. கிள்ளான் பாசாரில் அட்டையோடு வாங்கினால் ஒரு கைப்பிடி கிடைக்கும், இதில் விசேஷம் ஒன்றுமில்லை. என் மகள் பிறந்த புதிதில் இது எங்கள் படுக்கையறைச் சன்னலின் திரைகள் இரண்டையும் நடுவில் சேர்த்துக் குத்தியிருந்தது, அவ்வளவுதான். வெளியே வெயிலா மழையா என்று தெரியாமல் அந்த அறைக்குள் நான் படுத்திருந்த காலத்தில், பெற்ற பிள்ளையின் முகத்தைவிட இந்த ஊக்கைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆன்டிக்குப் பெயர் உண்டு. ஆனால் அவர் போன வீடுகளில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை. பிள்ளை பெற்றவளையும் பிறந்த பிள்ளையையும் பத்தியக் காலம் முழுக்கக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எங்கள் ஊரில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் இந்த வழக்கம் உண்டு. வைக்கிற குழம்புதான் வேறு, பயம் ஒன்றேதான். அம்மா இருக்கிறவளுக்கு அம்மா வருவார். என் அம்மா நான் படித்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டார், மாமியாரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் சுபாங் ஜெயாவில் இருக்கும் என் கணவரின் அக்கா, தன் பிள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டியவர் என்று சொல்லி ஆன்டியைப் பந்திங்கிலிருந்து வரவழைத்தார். வந்த அன்று அவர் தாலிச் சங்கிலியில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. கையில் ஒரு துணிப்பை, சுருட்டிய பாய், பழந்துணியில் சுற்றிய வழுவழுப்பான ஒரு கல். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்தவர் நேராக அறைக்குப் போய்ச் சன்னலைப் பார்த்தார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார், திரையை மூடினார், நடுவில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி அதையும் அடைத்துவிட்டுத்தான் குழந்தையைக் கையில் வாங்கினார்.

"காத்து இருக்கே மா, அது கதவத் தட்டிட்டு வராது," என்றார். ஆன்டியின் உலகத்தில் நோய் என்று ஒன்றுதான், அதற்குப் பெயர் காற்று. இடுப்பு வலி காற்று, தலைவலி காற்று, பால் சுரக்காமல் போனால் காற்று, வயதான காலத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டால் அதுவும் பிள்ளை பெற்றபோது உள்ளே புகுந்த காற்று. ஆகவே மின்விசிறி கூடாது, ஏர்கோன் என்ற பேச்சே கூடாது. காதில் பஞ்சு, காலில் காலுறை, தலையில் துண்டு. தாகம் எடுத்தால் சின்ன டம்ளரில் சுடுதண்ணீர், அதுவும் அவர் கொடுத்தால்தான். அப்போது நான் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன், இப்போதும் அங்கேதான். இரும்புக் கன்டெய்னரின் மேல்மூலையில்கூடக் காற்றுப் போக ஓட்டைகள் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். ஆன்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதால் என் கணவரின் தலையணை கூடத்துக்குப் போய்விட்டிருந்தது. "ஆன்டி சொல்றத கேட்டுக்கோ லா. அப்புறம் அக்கா என்னத்தான் ஏசும்," என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆன்டியின் வேலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காலையில் இலைகள் போட்டுக் கொதித்த தண்ணீரை என் முதுகில் ஊற்றுவார். பெற்ற வலியெல்லாம் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கல்லைச் சுட வைத்துத் துணியில் சுற்றி அடிவயிற்றில் ஒத்துவார். பிறகு மலாய்க்காரப் பெண்கள் கட்டுவதுபோல நீளத் துணியை, பெங்குங் என்போமே, அதை மார்புக்குக் கீழிருந்து இடுப்புவரை சுற்றிச் சுற்றி இறுக்குவார். மூச்சுக் கொஞ்சம்தான் போகும், ஆனால் முதுகு நிமிர்ந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் கிடத்திக்கொள்வார். அவர் கை பட்டதும் என் மகள் அழுகையை நிறுத்திவிடுவாள். துவட்டி முடித்ததும் எண்ணெயில் குழைத்த மஞ்சளை நெற்றியிலிருந்து கணுக்கால்வரை ஒரு சீராகத் தடவுவார். பெண் பிள்ளை, ரோமம் படியக் கூடாது, மேனி நிறம் எடுக்க வேண்டும் என்பார். சாம்பிராணிப் புகையில் காட்டி என் மடியில் போடும்போது என் பிள்ளை புதுத் தாலிக்கயிறுபோல மஞ்சளாக மின்னும்.

ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது. யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால், பிள்ளை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது, வேளாவேளைக்குச் சோறு வருகிறது, உனக்கு என்ன குறை என்பார்கள். என் கணவரின் அக்கா தொலைபேசியில் அதைத்தான் சொன்னார், வார்த்தை மாறாமல். பூண்டுக் குழம்பின் வாசனையும் சாம்பிராணியும் பாலின் புளித்த வாடையும் அந்த அறையில் தேங்கி நின்றன. சுவரில் கடிகாரம் இருந்தது, இருந்தும் என்ன. சன்னலுக்கு அந்தப் பக்கம் கொமுட்டர் ரயில் போகும் சத்தம் கேட்கும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் எங்கேயோ போகிறார்கள் என்று நினைத்தால் அழுகை வரும். ஒருமுறை ஆன்டி சமையலறையில் இருந்தபோது எழுந்துபோய் அந்த ஊக்கில் கை வைத்தேன். குழந்தை சிணுங்கியது, கையை எடுத்துவிட்டேன். காற்றைப் பற்றி நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் திறந்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. பூட்டு இல்லாமலே ஆளைப் பூட்டி வைக்க அது போதும்.

ஆன்டியும் அதே அறையில்தான் இருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அவருக்கும் மின்விசிறி இல்லை. மத்தியானம் பாயில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு வீட்டுப் பத்தியம் முடிந்தால் அடுத்த வீடு. வருஷத்தில் பெரும்பகுதி அவருக்கு யாரோ ஒருத்தியின் இருட்டறைதான். சொந்த மகள் பிள்ளை பெற்றபோதுகூட அவர் போகவில்லையாம். முன்னாலேயே ஷா ஆலத்தில் ஒரு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். மகளை யாரோ வேறொருவர் பார்த்துக்கொண்டார். "சொன்ன வார்த்தையாச்சே மா," என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் காலையில் தண்ணீர் கேட்டு அவர் தராதபோது பழையபடி ஏறிக்கொண்டது.

எங்கள் பகுதி அரசாங்க கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துப் போக ஒரு மிஸ்ஸி வருவார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். தமிழ்ப் பெண்தான், என் வயதுதான் இருக்கும். கையில் பெரிய பை, அதற்குள் குழந்தையை எடைபோடும் தராசு. மிஸ்ஸி வருகிற நாள் என்றால் ஆன்டிக்குப் பெரிய அதிகாரி வருகிற மாதிரி. பிள்ளை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மஞ்சளை இன்னும் ஒரு கை கூடுதலாகப் பூசிவைத்திருந்தார். மிஸ்ஸி குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். விரல் மஞ்சளானது. பிறந்த பிள்ளைக்கு வரும் மஞ்சள் காமாலையை இங்கே எல்லாரும் மலாயில் கூனிங் என்பார்கள். தோலை அழுத்திப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

"ஆன்டி, மீனுக்கு மசாலா தடவுற மாதிரி தடவி வச்சிருக்கீங்க. கூனிங் எது, ஒங்க மஞ்சள் எதுன்னு நான் எப்படிப் பாக்குறது?" என்று மிஸ்ஸி சிரித்தார். "அந்தத் திரைய கொஞ்சம் தொறங்க, வெளிச்சத்துல பாப்போம்."

"வேணாம் மிஸ்ஸி, காத்து. லைட்டப் போடுறேன்," என்றார் ஆன்டி.

அந்த விளக்கும் மஞ்சள் விளக்குதான். மிஸ்ஸி கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தார், தலையை ஆட்டினார். எடை குறைந்திருக்கிறது என்றார். பால் நன்றாகக் குடிக்கிறதா என்று கேட்டார். தூங்கிக்கொண்டே இருக்கிறாள் என்றேன். சமத்துப் பிள்ளை என்று ஆன்டி சேர்த்துக்கொண்டார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "நாளைக்கு மறுபடி வரேன். அதுவரைக்கும் மஞ்சள் வேணாம் ஆன்டி. கூனிங் ரொம்ப ஏறிட்டா மூளைக்குப் போயிடும், காது கேக்காமப் போயிடும். அப்புறம் நம்மால ஒண்ணும் செய்ய முடியாது," என்றார். ஆன்டி சரி என்றார். மிஸ்ஸி என்னை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னபோது அதற்கும் அவரே சரி என்றார்.

மறுநாள் காலை குளிப்பாட்டும்போது நான் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படுக்கச் சொன்னார், போகவில்லை. மஞ்சள் கிண்ணம் அலமாரிமேல் இருந்தது, கீழே இறக்கவில்லை. மாவுபோட்டு அலசி, வெள்ளைத் துண்டால் துடைத்தார். துண்டை விரித்துப் பார்த்தார், வெள்ளையாகத்தான் இருந்தது. குழந்தையைப் பார்த்தார். கன்னத்தை இன்னொரு தடவை துடைத்தார், நெஞ்சைத் துடைத்தார், தொடையைத் துடைத்தார். நிறம் போகவில்லை. என் மகள் அவர் கால்மேல் பழுத்த மாங்காய் நிறத்தில், கையைக் காலை உதறாமல், துணிபோலக் கிடந்தாள். ஆன்டி துண்டை மடித்துக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்த கிண்ணத்தை எடுத்தார்.

"ஆன்டி, மிஸ்ஸி வேணாம்னு சொன்னாங்களே," என்றேன்.

"நீ போய்ப் படு மா."

"ஆன்டி, அது கூனிங்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மஞ்சள் தொட்ட விரல் நடுங்கியது. எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கிய அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுவாங்க மா. பெட்டிக்குள்ள போட்டுருவாங்க. நீயும் பின்னாடியே போவ. பச்ச ஒடம்பு, அந்த ஏர்கோன்ல ஒனக்கு என்ன ஆகும்? ரெண்டு நாள் போனா தானா எறங்கிடும். நான் பாத்திருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே நெற்றியிலிருந்து பூசிக்கொண்டு வந்தார். ஒரு சீராக, வழக்கம்போல. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பெங்குங் இறுக்கத்தில் குரல் எழும்பவில்லை.

மிஸ்ஸி வந்தபோது குழந்தை முந்தின நாளைவிட அதிகமாக மின்னியது. அவர் ஆன்டியைப் பார்த்தார். ஆன்டி, பழக்க தோஷத்தில் பூசிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மிஸ்ஸி பையைத் திறந்து பஞ்சை எடுத்தார். நான் கட்டிலைவிட்டு எழுந்தேன். சன்னலுக்குப் போய் ஊக்கைக் கழற்றினேன். அது சுலபமாகத்தான் வந்தது. திரையை இரண்டு பக்கமும் தள்ளினேன். காலை வெயில் அறைக்குள் விழுந்தது. கீழே தண்டவாளம், அதற்கப்பால் கடைவரிசை, ஒரு லோரி பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை கையில் துவண்டு கிடக்கிறது, நான் லோரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஊக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் நைட்டியின் தோளில் குத்திக்கொண்டேன்.

மிஸ்ஸி குழந்தையை அந்த வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. பிறகு பாதத்தைத் திருப்பினார். உள்ளங்காலுக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை. அதுவும் மஞ்சள்.

"கண்ணுக்குள்ள மஞ்சள் பூச முடியாதே ஆன்டி," என்றார் மிஸ்ஸி. கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு கையால் தொலைபேசியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வந்து, இன்னும் கொஞ்சம் ஏறினால் உடம்பு ரத்தம் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். என் மகளைத் துணியில்லாமல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தி, கண்களைத் துணிப்பட்டையால் மூடி, மேலும் கீழும் நீல விளக்கைப் போட்டார்கள். பால் கொடுக்கிற நேரம் தவிர அவளைத் தொடக் கூடாது. எனக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி. அந்தக் கூடத்துக்குச் சன்னலே கிடையாது. இருட்டறையிலிருந்து தப்பித்து வந்தவளை வெளிச்சத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ஆன்டி பயந்த ஏர்கோன் தலைக்கு நேர்மேலே ஊதியது. கண்ணைக் கட்டிக்கொண்டு, கையை ஆட்டி எதையோ தேடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தபோது, காலையில் நான் பட்ட சந்தோஷத்துக்காக என்னை நானே ஏசிக்கொண்டேன். இவள் காது கேட்குமா என்ற ஒரே கேள்வியோடு நான் அந்த நாற்காலியில் இருந்தேன். யாராவது தட்டைக் கீழே போட்டால் அவள் திடுக்கிடுகிறாளா என்று பார்ப்பேன். ஒரு தடவை திடுக்கிட்டாள். அடுத்த தடவை தூங்கிக்கொண்டிருந்தாள், அதற்கும் அழுதேன்.

மறுநாள் மத்தியானம் வார்டு வாசலில் இருந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆன்டி நிற்பதைப் பார்த்தேன். தாய் தகப்பன் தவிர வேறு யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. கையில் டிபன் கேரியர். என் கணவர் வேலையில் இருந்ததால் பஸ் பிடித்து, வழி கேட்டு வந்திருக்கிறார். காவலாளியிடம் ஏதோ கெஞ்சினார், அவர் கையை விரித்தார். கேரியர் மட்டும் உள்ளே வந்தது. சுடுசோறு, பெற்றவள் புண் ஆற இங்கே கொடுக்கும் ஹாருவான், அதாவது விரால், மீன் குழம்பு. மேலே ஒரு போத்தல் தண்ணீர், பெரிய போத்தல். நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பேசியது கேட்கவில்லை. கைகளால் தன் காதைப் பொத்திக் காட்டினார், கழுத்தில் தலைப்பைச் சுற்றிக் காட்டினார், பிறகு மூலையில் இருந்த ஏர்கோனைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். குழந்தை எப்படி என்று கேட்கவில்லை. கேட்கப் பயந்தார் என்று நினைக்கிறேன். இத்தனை நாள் அவர் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தவள் நான். இப்போதும் உள்ளேதான் இருந்தேன், அவர்தான் வெளியே. கதவைத் திறந்துகொண்டு போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். கோபம் விடவில்லை.

ரத்தம் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. நிறம் தலையிலிருந்து இறங்கத் தொடங்கி, ஒருநாள் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து என் மடியில் போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆன்டி குழந்தையை வாங்கி, சன்னலுக்குக் கொண்டுபோய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.  அதற்குப் பிறகு அவள்மேல் மஞ்சள் பூசவில்லை. காலை வெயில் வரும்போது திரையைத் திறந்து பிள்ளையை வெளிச்சத்தில் காட்டுவார். வெயில் நகர்ந்ததும் சங்கிலியிலிருந்து வேறோர் ஊக்கை எடுத்துத் திரையைப் பழையபடி குத்திவிடுவார். நானும் விட்டுவிட்டேன். அவரிடம் சண்டைபோட என்னிடம் தெம்பு இருக்கவில்லை, பத்தியம் முடிய எப்படியும் கொஞ்ச காலம்தான் இருந்தது. போகிற அன்று என் கணவரின் அக்கா தட்டில் சேலை வைத்துக் கொடுத்தார். ஆன்டி பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைத்தார், பாயைச் சுருட்டினார், லிப்டில் இறங்கிவிட்டார். நைட்டியில் குத்தியிருந்த அந்தப் பழைய ஊக்கு என்னிடமே தங்கிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தார் என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கைராசிக்காரர் என்ற பேர் போய்விடும் என்று பயந்திருக்கலாம். அடுத்த வீட்டுக்காரர்கள் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். இல்லை, அவர் சொன்னதுதான் உண்மையோ என்னவோ, என் பச்சை உடம்பில் காற்றுப் புகுந்துவிடும் என்றே நடுங்கியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் எனக்குச் சரியாகப் படும். கோபம் மட்டும் முழுதாகப் போகவில்லை. என் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, நான் கூப்பிடும்போது மட்டும்தான் கேட்காது. ஆனாலும் அவள் தும்மினால்கூட எனக்கு அந்தக் கிண்ணமும் நடுங்கிய விரலும் ஞாபகத்துக்கு வரும். அதே விரல்கள் கல்லைச் சுட வைத்து என் வயிற்றில் ஒத்தியதும் கூடவே வரும். இரண்டையும் பிரிக்க முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பெண் நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் தெரியுமா என்று கேட்டாள். வாய் தவறி, தெரியும் என்றுவிட்டேன். பழைய நம்பரை அடித்தேன், ஆன்டியின் மகள் எடுத்தார்.

"அம்மா இப்ப யார் வீட்டுக்கும் போறதில்ல அக்கா. ஞாபகம் தப்பிடுச்சு. போன வருஷம் ரெண்டு தடவ பஸ் ஏறிப் போயிட்டாங்க. கேட்டா, பிள்ள குளிப்பாட்டணும், வரேன்னு சொல்லியிருக்கேன்னு சொல்றாங்க. நான் பேக்டரிக்குப் போகணுமே, அதான் பூட்டிட்டுப் போறேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?" நான் எதுவும் சொல்லவில்லையே, அவராகவேதான் அப்படிக் கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்பேன், வாருங்கள் என்றார்.

இழுப்பறையில் கிடந்த ஊக்கை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மகளையும் கூட்டிக்கொண்டேன். பந்திங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் மகளுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம், பூட்டியிருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. வாசல் இரும்புக் கம்பிக் கதவில் பெரிய பூட்டு. உள்ளே சன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன, கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர்கீழே ஆன்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. இரண்டு காலையும் நேராக நீட்டி வைத்திருந்தார்.

"ஆன்டி," என்று கூப்பிட்டேன்.

எழுந்து மெதுவாகக் கம்பிக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை. பெயரைச் சொன்னேன், கிள்ளான் என்றேன், ரயில் சத்தம் கேட்குமே அந்த வீடு என்றேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. தோட்டத்துப் பக்கமிருந்து காற்று எழும்பி என் துப்பட்டாவைத் தூக்கியது. அவர் கண்கள் உடனே அதற்குப் போயின.

"பிள்ள பொறந்து எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

 "கொஞ்ச நாள்தான் ஆன்டி," என்றேன்.

"பச்ச ஒடம்ப வச்சிக்கிட்டு இப்படியா வந்து நிப்பாங்க? யாரு ஒன்ன வெளிய விட்டா?"

கைப்பையிலிருந்து ஊக்கை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினேன். உங்களுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதை வாங்கி, பார்க்காமலே கட்டைவிரலால் தட்டித் திறந்தார். இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டி என் துப்பட்டாவின் இரண்டு முனையையும் கழுத்துக்குக் கீழே இழுத்துச் சேர்த்து, குத்தி மூடினார். விரல் நடுங்கவில்லை. காற்று நுழைய இடமில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

மழைத்துளி விழுந்ததும் என் மகள் காரிலிருந்து குடையோடு இறங்கி வந்தாள். என்னைவிட உயரம். ஆன்டி அவளைப் பார்த்ததும் கிட்டே வா என்று கையசைத்தார். அவள் என்னைப் பார்த்தாள், போ என்றேன். கம்பிக்கு வெளியே நீண்ட அந்தக் கை அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பியது. கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்தது. ஆன்டி குனிந்து, ஒரு கண், பிறகு மறு கண், நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளையாதான் இருக்கு," என்றார். என்னிடம் திரும்பி, "வெள்ளையாதான் இருக்கு மா. பயப்படாத," என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "இத தொறந்து விடேன், நான் வந்து குளிப்பாட்டிட்டுப் போறேன்," என்றார். சாவி என்னிடம் இல்லை ஆன்டி என்றேன். சரி என்றார். முன்பெல்லாம் மிஸ்ஸியிடம் சொல்வாரே, அதே சரி.

காரில் ஏறியதும் மகள், யாரும்மா அவங்க என்று கேட்டாள். உன்னைக் குளிப்பாட்டியவர் என்றேன். மழை அதற்குள் விட்டுவிட்டது. ஏர்கோனை அடைத்தேன். புழுங்குகிறது, சன்னலையாவது திற என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் ஊக்கு உறுத்திக்கொண்டிருந்தது. கிள்ளான் வந்து சேரும்வரை நான் சன்னலை இறக்கவில்லை.